பிராய்லர் கோழித் தீவனத்தில் நுண்பாசி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுருள்பாசி, குளோரெல்லா போன்ற நுண்பாசிகளைத் தீவனத்தில் சேர்த்தால் கோழி வேகமாக வளரும், நோய் அண்டாது, இறைச்சி தரமாக இருக்கும் என்ற விளம்பரங்கள் பல்லடம், உடுமலை, கோவை வட்டாரத்துப் பண்ணையாளர்களை இப்போது அடிக்கடி எட்டுகின்றன. இவற்றில் உண்மையும் உண்டு, மிகையும் உண்டு. கீழே உள்ள விடைகள் பிராய்லர் எனப்படும் இறைச்சிக் கோழியை மட்டும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. கணக்குகளில் வரும் விலைகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. அவரவர் ஊரின் அன்றைய விலையை அந்த இடத்தில் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நுண்பாசிகளில் கோழித் தீவனத்துக்கு ஏற்றவை எவை?

நடைமுறையில் பேசத்தக்கவை மூன்று. முதலாவது சுருள்பாசி எனப்படும் ஸ்பைருலினா. இது உண்மையில் ஒளிச்சேர்க்கை செய்யும் ஒரு நுண்ணுயிர்; பாசி என்று வழக்கத்தில் சொல்கிறோம். இதன் செல்சுவரில் செல்லுலோஸ் கிடையாது என்பதால் கோழியின் குடலில் ஓரளவு எளிதாகச் செரிக்கும். இரண்டாவது குளோரெல்லா, நன்னீரில் வளரும் இப்பச்சைப் பாசியின் செல்சுவர் கடினமானது. மூன்றாவது ஸ்கைசோகைட்ரியம், கடல்வாழ் நுண்ணுயிரான இது வெளிச்சமே இல்லாமல், நொதிகலன்களில் சர்க்கரையை உண்டு வளர்ந்து, டி.எச்.ஏ. என்னும் ஒமேகா-3 கொழுப்பை மிகுதியாகச் சேர்த்து வைக்கிறது. முட்டைக் கோழிக்கும் மீனுக்கும் பயன்படும் வேறு பாசிகள் உண்டு. பிராய்லருக்கு இம்மூன்றையும் தெரிந்துகொண்டால் போதும்; அவற்றிலும் நம் பண்ணையாளருக்குக் கைக்கெட்டுவது பெரும்பாலும் சுருள்பாசிதான்.

சுருள்பாசியில் அப்படி என்ன சத்து இருக்கிறது?

நன்கு உலர்ந்த சுருள்பாசித் தூளில் 55 முதல் 70 சதவீதம் வரை புரதம் உண்டு. நாம் அன்றாடம் பயன்படுத்தும் சோயாப் புண்ணாக்கில் அது 44 முதல் 48 சதவீதம். ஆனால் மொத்தப் புரதத்தை மட்டும் வைத்துத் தீவனத்தை மதிப்பிடும் காலம் போய்விட்டது. எந்த அமினோ அமிலம் எவ்வளவு என்பதே கேள்வி. 100 கிராம் சுருள்பாசித் தூளில் லைசின் சுமார் 3 கிராமும் மெத்தியோனின் சுமார் 1.15 கிராமும் இருக்கும். சோயாப் புண்ணாக்கிலும் லைசின் ஏறத்தாழ அதே அளவுதான். அதாவது, புரதம் கூடுதலாக இருந்தும் லைசினில் சுருள்பாசி முந்தவில்லை, மெத்தியோனினில்தான் முந்துகிறது. மெத்தியோனினோ செயற்கையாகவே மலிவாகக் கிடைத்துவிடுகிறது. எரிசக்தி மக்காச்சோளத்தைவிடக் குறைவு.

ஆகவே சுருள்பாசியின் தனிச்சிறப்பைப் புரதத்தில் தேடுவதைவிட, அதிலுள்ள நிறமிகளில் தேடுவதே பொருத்தம். நீலநிறமான பைக்கோசயனின், பீட்டா கரோட்டீன், சியாசாந்தின் ஆகியவையும், சிறிதளவு காமா லினோலெனிக் அமிலம் என்னும் கொழுப்பமிலமும் சோயாவிலோ மக்காச்சோளத்திலோ இந்தச் சேர்க்கையில் கிடைப்பதில்லை. இவை உடலில் ஆக்சிஜனேற்றத்தால் விளையும் சேதத்தைக் குறைக்கக்கூடியவை. துணைத்தீவனம் என்று இதைச் சொல்வதற்குக் காரணம் இந்த நிறமிகளே.

புரதம் இவ்வளவு இருக்கும்போது, சோயாவுக்குப் பதிலாகவே சுருள்பாசியைப் போடலாமா?

போட்டுப் பார்த்திருக்கிறார்கள். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், பிராய்லர் தீவனத்தின் மீன் தூளையோ நிலக்கடலைப் புண்ணாக்கையோ அகற்றிவிட்டு, முறையே கிலோவுக்கு 140 கிராம், 170 கிராம் என்ற அளவுகளில் சுருள்பாசியைச் சேர்த்து 12 வாரம் வளர்த்தார்கள். பாசி கலந்த தீவனத்தில் வைட்டமின், தாது உப்புக் கலவையைக்கூடச் சேர்க்கவில்லை. அப்படியும் தீவனத்தைப் பயன்படுத்தும் திறனில் கோழிகள் பின்தங்கவில்லை. இறைச்சியின் நிறம் மட்டும் அடர்ந்திருந்தது. அதற்கு முன்பே, 1990-இல் ஹவாயில் நடந்த ஆய்வில், பிராய்லர் சேவல் குஞ்சுகளுக்கு 12 சதவீதம் வரை கொடுத்தும் வளர்ச்சியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆனால் அதே ஆய்வில் முட்டைக் கோழி இனமான ஒயிட் லெகார்ன் சேவல் குஞ்சுகளுக்கு 10, 20 சதவீதம் கொடுத்தபோது வளர்ச்சி குன்றியது.

இவ்விரண்டையும் இன்றைய பண்ணைக்கு அப்படியே பொருத்திப் பார்ப்பது தவறாகிவிடும். 12 வாரம் நிதானமாக வளர்ந்த அக்காலக் கோழிக்கும், 35 முதல் 42 நாளில் இரண்டு கிலோவைத் தாண்டும் இக்காலக் கோழிக்கும் ஊட்டத்தேவை ஒன்றல்ல. போர்ச்சுகலின் லிஸ்பன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், 21 நாள் முதல் 35 நாள் வரை 15 சதவீதம் சுருள்பாசி உண்ட பிராய்லர்களின் எடை கூடுவது தெளிவாகவே குறைந்தது. புரதத்துக்காகப் பாசி என்ற எண்ணத்தை இந்த ஆய்வு ஒன்றே பெருமளவு கலைத்துவிடுகிறது.

அறிவியலை விட்டுவிட்டு விலையைப் பார்த்தாலும் முடிவு அதுவே. சோயாப் புண்ணாக்கு கிலோ 45 ரூபாய் என்றும் அதில் 46 சதவீதம் புரதம் என்றும் கொண்டால், ஒரு கிலோ புரதத்தின் விலை சுமார் 98 ரூபாய். சுருள்பாசி கிலோ 400 ரூபாய், புரதம் 60 சதவீதம் என்றால், அதே ஒரு கிலோ புரதம் சுமார் 667 ரூபாய். ஏறக்குறைய ஏழு மடங்கு. சோயா விலை எவ்வளவு ஏறினாலும் இந்த இடைவெளி ஒரு பருவத்தில் மறைந்துவிடாது.

அளவு மிகும்போது வளர்ச்சி குன்றுவது ஏன்?

சுருள்பாசியின் புரதங்களில் ஒரு பகுதி குடலில் முழுமையாகச் செரிக்காமல் கூழ்போல் இறுகி, செரிமானத்தில் இருக்கும் தீவனத்தைப் பிசுபிசுப்பாக்கிவிடுகிறது. அப்படிப் பிசுபிசுத்த உணவினுள் செரிமான நொதிகள் ஊடுருவுவதும், செரித்த சத்தைக் குடல்சுவர் உறிஞ்சுவதும் மந்தமாகின்றன. லிஸ்பன் ஆய்வில் பாசியின் செல்சுவரை உடைக்கவென்று லைசோசைம் நொதியைச் சேர்த்தும் நிலைமை சீர்படவில்லை. செல் உடைந்து வெளிவந்த புரதம் பிசுபிசுப்பை இன்னும் கூட்டியது. நொதி சேர்த்தால் எதையும் செரிக்க வைத்துவிடலாம் என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிசுபிசுத்த எச்சம் கொட்டகைத் தரையில் பரப்பிய ஆழ்கூளத்தை நனைத்துக் கட்டியாக்கும்; ஈரக் கூளத்தால் அம்மோனியா நெடியும் கால் புண்ணும் வரும் என்பதைப் பண்ணையாளர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியென்றால் சிறு அளவில் கொடுப்பதால் கிடைக்கும் பயன் என்ன?

ஒரு சதவீதமோ அதற்கும் குறைவோ சேர்த்துப் பல நாடுகளில் ஆய்வுகள் நடந்துள்ளன. அவற்றின் முடிவுகள் ஒரே திசையில் இல்லை. சிலவற்றில் எடையும் தீவன மாற்றுத் திறனும் சற்று மேம்பட்டன. சிலவற்றில் எந்த வேறுபாடும் இல்லை. கெடுதல் நேர்ந்தது என்பது மட்டும் இந்த அளவுகளில் அரிது. நன்றாகப் பராமரிக்கப்பட்ட ஆய்வுக்கூடக் கொட்டகையில் பயன் தெரியாமல் போவதும், நெருக்கடியான சூழலில் வளரும் கோழிகளில் அது தெரிவதும் இயல்பே. உடலுக்கு ஏற்கெனவே அழுத்தம் இருந்தால்தான் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருளுக்கு வேலை இருக்கும்.

நோய் எதிர்ப்புத் திறனைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1990-களில் நடந்த ஆய்வுகள் குறிப்பிடத்தக்கவை. தீவனத்தில் பத்து லட்சத்தில் 10 பங்கு என்ற மிகச் சிறிய அளவிலிருந்து ஒரு சதவீதம் வரை சுருள்பாசி கொடுத்து, நுண்ணுயிரை விழுங்கி அழிக்கும் வெள்ளணுக்களின் செயல்பாடு கோழிகளில் கூடுவதை அவை காட்டின. ஆனால் ஆய்வகத்தில் வெள்ளணு சுறுசுறுப்பாக இருந்தது என்பதும், பண்ணையில் இறப்பு விகிதம் குறைந்தது என்பதும் வெவ்வேறு செய்திகள். முதலாவதைக் காட்டி இரண்டாவதை விற்பவர்களிடம் எச்சரிக்கை வேண்டும்.

கொங்கு மண்டலத்துப் பங்குனி, சித்திரை வெயிலில் இந்தத் துணைத்தீவனத்துக்குச் சற்றுக் கூடுதல் பொருத்தம் உண்டு. வெப்ப அயர்ச்சியில் கோழியின் உடலில் ஆக்சிஜனேற்றச் சேதம் மிகுகிறது; அத்தகைய சூழலில் சுருள்பாசி உண்ட கோழிகளின் இரத்தத்தில் தற்காப்பு நொதிகள் மேம்பட்டதைச் சில ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. ஆயினும் கூரையில் தண்ணீர் தெளிப்பது, மின்விசிறி, நடுப்பகலில் தீவனத்தை நிறுத்தி வைப்பது, குளிர்ந்த குடிநீர் ஆகிய நான்கையும் செய்யாமல் பாசியை நம்பினால் பாசியும் வீண், கோழியும் வீண்.

எவ்வளவு, எந்த வயதில் சேர்க்கலாம்?

டன்னுக்கு இரண்டரை கிலோ முதல் ஐந்து கிலோ வரை, அதாவது கால் முதல் அரை சதவீதம், துணைத்தீவனமாகச் சேர்ப்பதற்கு அறிவுக்குகந்த வரம்பு. ஒரு சதவீதத்தைத் தாண்டுவதற்கு நிறம் தவிர வேறு காரணம் தென்படவில்லை.

முழு வளர்ப்புக் காலத்துக்கும் சேர்ப்பதைவிட, முதல் இரண்டு வாரம் மட்டும் சேர்ப்பதில் சிக்கனம் அதிகம். குஞ்சின் குடலும் எதிர்ப்புத் திறனும் உருவாகும் பருவம் அது. தடுப்பூசிகளும் பெரும்பாலும் அந்நாட்களில்தான் போடப்படுகின்றன. அதைவிட முக்கியமானது, அந்த வயதில் குஞ்சு தின்னும் தீவனம் மிகக் குறைவு. முதல் 14 நாளில் ஒரு குஞ்சு அரை கிலோ அளவுக்கே தின்னும். முழுப் பருவத்துக்கும், அதாவது குஞ்சு விட்டது முதல் விற்கும் வரை, மூன்றரை கிலோ தின்னும். சேர்க்கும் விகிதம் ஒன்றானாலும் செலவு ஏழில் ஒரு பங்காகிவிடுகிறது.

செலவு கட்டுபடியாகுமா?

ஒரு கோழி இரண்டு கிலோ எடைக்கு மூன்றரை கிலோ தீவனம் தின்கிறது என்று கொள்வோம். ஒரு சதவீதம் சேர்த்தால் கோழி ஒன்றுக்கு 35 கிராம் சுருள்பாசி. கிலோ 400 ரூபாய் வீதம் 14 ரூபாய். நிறுவனத்தின் கோழியைக் கூலிக்கு வளர்த்துக் கொடுக்கும் ஒப்பந்த வளர்ப்பில் கிலோவுக்கு ஆறரை ரூபாய் கூலி என்று வைத்தால் அந்தக் கோழிக்குக் கிடைக்கும் மொத்தக் கூலியே 13 ரூபாய். பாசியின் செலவு கூலியை விழுங்கிவிடுகிறது.

இந்த 14 ரூபாயைத் தீவனச் சேமிப்பில் மீட்க முடியுமா? தீவனம் கிலோ 40 ரூபாய் என்றால், ஒரு கோழிக்கு 350 கிராம் தீவனம் மிச்சமாக வேண்டும். அதாவது தீவன மாற்று விகிதம் (ஒரு கிலோ எடைக்குத் தின்னும் தீவனம்) 1.75-இலிருந்து 1.575-க்கு இறங்க வேண்டும். எந்தத் துணைத்தீவனமும் அவ்வளவு பெரிய மாற்றத்தை நம்பகமாகத் தருவதில்லை.

கால் சதவீதமாகக் குறைத்தால் கோழிக்கு 8.75 கிராம், மூன்றரை ரூபாய். இதை மீட்க மாற்று விகிதம் 0.04 அளவுக்கு மேம்பட்டால் போதும். இது நடக்கக்கூடியதே, ஆனால் ஒவ்வொரு பருவத்திலும் நடக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. முதல் 14 நாள் மட்டும் கால் சதவீதம் என்றால், 500 கிராம் தீவனத்தில் 1.25 கிராம் பாசி, கோழிக்கு 50 காசு. ஆயிரம் கோழிக்கு 500 ரூபாய். கூடுதலாக நான்கைந்து குஞ்சுகள் பிழைத்து விற்பனை எடையை எட்டினாலே இந்தச் செலவு திரும்பிவிடும். விலை எவ்வளவு மாறினாலும் இந்த மூன்று கணக்குகளின் வரிசை மாறாது என்பதால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டியதாயிற்று.

விதிவிலக்கு ஒன்றுண்டு. தன் பெயரில், தனிக் கடையில், மருந்தில்லாக் கோழி என்றோ இயற்கை முறைக் கோழி என்றோ கூடுதல் விலைக்கு விற்பவருக்குக் கிலோவுக்கு 20, 30 ரூபாய் கூடுதலாகக் கிடைக்குமானால், அவருடைய கணக்கு வேறு.

நான் ஒப்பந்தப் பண்ணை நடத்துகிறேன். நிறுவனம் தரும் தீவனத்தில் நானே கலந்துகொள்ளலாமா?

கூடாது. ஒப்பந்த முறையில் குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்துக்குரியவை. அவற்றில் எதைச் சேர்ப்பதும் அவர்களுடைய சம்மதத்தோடுதான் நடக்க வேண்டும். பின்னால் இறப்போ எடைக்குறைவோ ஏற்பட்டால், நீங்கள் கலந்த பாசியே காரணம் என்று சொல்ல இடம் கொடுத்ததாகிவிடும். தவிர, அவர்கள் தருவது பெரும்பாலும் குருணையாகவோ குச்சித் தீவனமாகவோ இருக்கும். அதன்மேல் தூவும் பாசித்தூள் தீவனத் தட்டின் அடியில் படிந்து வீணாகும்.

தீவனம் நாங்களே அரைக்கிறோம். எப்படிக் கலப்பது?

டன்னுக்கு இரண்டரை கிலோ என்பது சிறிய அளவு; அதை நேரடியாகக் கலவை இயந்திரத்தில் கொட்டினால் ஒரு மூட்டையில் மிகுதியாகவும் இன்னொன்றில் இல்லாமலும் போகும். முதலில் 25 கிலோ அரைத்த மக்காச்சோளத்துடன் பாசித்தூளைக் கையால் சீராகக் கலந்து, அந்த முன்கலவையை வைட்டமின் கலவை சேர்க்கும் கட்டத்தில் சேர்க்க வேண்டும். தூள் மிக நுண்ணியது, காற்றில் பறக்கும். எண்ணெய் சேர்த்த பிறகு போட்டால் உருண்டையாகிவிடும். கலப்பவர் முகக்கவசம் அணிவது நல்லது.

குச்சித் தீவனம் தயாரிக்கும்போது நீராவியால் தீவனம் 80 டிகிரி செல்சியஸ் வரை சூடாவது வழக்கம். பைக்கோசயனின் 60 டிகிரிக்கு மேல் விரைவில் சிதையும். கரோட்டினாய்டுகளும் ஓரளவு குறையும். அதிக விலை கொடுத்து வாங்கிய நிறமியை அந்த இயந்திரத்தில் பாதி எரிப்பதைவிட, மாவுத் தீவனத்தில் சேர்ப்பதே மேல்.

குடிநீரில் கலந்து கொடுக்கலாமா?

வேண்டாம். சுருள்பாசித் தூள் நீரில் கரைவதில்லை, மிதந்து பின் படிகிறது. கோழி அலகால் தட்டிக் குடிக்கும் நிப்பிள் குழாய்களை அடைக்கும். குழாயின் உட்சுவரில் வழவழப்பான படலம் உருவாக உதவும். கோடையில் சில மணி நேரத்திலேயே நாறத் தொடங்கும்.

இறைச்சியின் நிறமும் சுவையும் மாறுமா?

நிறம் மாறும், இதில் ஆய்வுகளிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2001-இல் 4, 8 சதவீத அளவுகளில் கொடுத்தபோது, சியாசாந்தின் சேர்ந்து தசையின் மஞ்சள் நிறம் கூடியது. கால், அரை சதவீதத்தில் இந்த மாற்றம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது.

நம்மூரில் அந்த மஞ்சளுக்கு விலை உண்டா என்பதே கேள்வி. பிராய்லரைப் பெரும்பாலான வாடிக்கையாளர்கள் உயிருடன் நிறுத்து, கடையிலேயே அறுத்து, பலர் தோலையும் உரித்து வாங்குகிறார்கள். தோலோடு வாங்குவது நாட்டுக்கோழியை. அதற்கும் தீயில் வாட்டி மஞ்சள் தூள் தடவித்தான் கொடுக்கிறார்கள். எனவே உள்ளூர்ச் சந்தையில் தோலின் நிறத்துக்காகப் பாசி போடுவதில் பொருளில்லை. மஞ்சள் கருவின் நிறத்துக்கு மதிப்புள்ள முட்டைக் கோழியில் இதன் பயன் தனி.

சுவையைப் பொறுத்தவரை, சிறு அளவுகளில் வேறுபாடு தெரிவதில்லை.

குளோரெல்லா சுருள்பாசியைவிடச் சிறந்ததா?

புரதத்தில் இரண்டும் கிட்டத்தட்ட நிகர். லூட்டீன் நிறமி குளோரெல்லாவில் அதிகம். ஆனால் அதன் செல்சுவரைக் கோழியால் எளிதில் உடைக்க முடியாது. அரைத்தோ, உயரழுத்தத்தில் செலுத்தியோ செல்லை உடைத்த தூளாக இருந்தால்தான் உள்ளிருக்கும் சத்து கிடைக்கும். 2013-இல் வெளியான ஒரு கொரிய ஆய்வில் ஒரு சதவீத அளவில் பல வடிவங்களை ஒப்பிட்டபோது, உலர்ந்த தூளைவிட உலர்த்தாத திரவ குளோரெல்லா எடை கூடுவதில் நல்ல பலனைத் தந்தது. குடலில் நன்மை செய்யும் லாக்டோபேசில்லஸ் நுண்ணுயிரும் பெருகியிருந்தது. திரவ குளோரெல்லாவை நம் வெப்பநிலையில் கெடாமல் பண்ணைக்குக் கொண்டு சேர்ப்பது தனிச் சிரமம்.

ஒமேகா-3 நிறைந்த கோழி என்கிறார்களே, அது சுருள்பாசியால் வருவதா?

இல்லை. சுருள்பாசியில் டி.எச்.ஏ. குறிப்பிடத்தக்க அளவில் கிடையாது. அதற்கு ஸ்கைசோகைட்ரியம் போன்றவை வேண்டும். கோழி தின்னும் டி.எச்.ஏ.வின் ஒரு பங்கு நேராக இறைச்சியில் சேர்கிறது. ஆனால் அத்தகைய கொழுப்பு விரைவில் கெட்டு மீன்வாடை வீசும் என்பதால் வைட்டமின் ஈ-யையும் கூட்டிக் கொடுக்க வேண்டும். சுருள்பாசி மட்டும் கொடுத்துவிட்டு ஒமேகா-3 கோழி என்று பலகை வைப்பது வாங்குபவரை ஏமாற்றுவதாகும்.

ஆன்டிபயாட்டிக், தடுப்பூசி, வைட்டமின் கலவை இவற்றை நிறுத்திவிடலாமா?

வளர்ச்சிக்கென்று தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 சனவரி முதல் முற்றிலும் தடை செய்தது. இந்தியாவும் 2019 சூலையில் உணவுக்கான கால்நடைகளிலும் கோழிகளிலும் கொலிஸ்டின் மருந்தைத் தடை செய்தது. பாசியைப் பற்றிய ஆர்வம் வளர்ந்ததற்கு இந்தப் போக்கு ஒரு முக்கியக் காரணம். வளர்ச்சிக்காகக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்கை நிறுத்துவது சரியானதே. ஆனால் அதை ஈடுகட்டுவது முதலில் சுத்தமான தண்ணீர், உலர்ந்த கூளம், பருவங்களுக்கிடையே கொட்டகையைக் காலியாக வைத்தல் ஆகியவை. பாசி அவற்றுக்குப் பின்னால் நிற்கும் துணை.

வெள்ளைக்கழிச்சல் நோய்க்கும் கம்போரோ நோய்க்கும் தடுப்பூசிதான். இதில் மாற்றுப் பேச்சே இல்லை.

வைட்டமின் கலவையையும் நிறுத்தக் கூடாது. மைசூர் ஆய்வில் நிறுத்தியிருந்தார்கள் என்றாலும், அங்கே பாசியின் அளவு 14 சதவீதமும் அதற்கு மேலும். கால் சதவீதப் பாசி தரும் வைட்டமின் சொற்பமே. மேலும், சுருள்பாசியில் மிகுந்திருப்பதாகச் சொல்லப்படும் பி12-இல் பெரும்பகுதி, உடலுக்குப் பயன்படாத போலி பி12 வடிவம். இன்னொன்று: பாசி நச்சை முறிக்கும் என்று கேள்விப்பட்டுப் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைக் கலப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பூசணத்தின் அஃப்ளடாக்சின் நச்சு அவ்வளவு எளிதில் விட்டுவிடாது.

தீவனத்தில் உப்பைக் குறைக்க வேண்டுமா?

உலர்ந்த சுருள்பாசியில் சோடியம் சுமார் ஒரு சதவீதம். டன்னுக்கு 10 கிலோ பாசி சேர்த்தால் வரும் சோடியம் 100 கிராம். தீவனத்துக்குத் தேவை டன்னுக்கு இரண்டு கிலோ அளவில். எனவே துணைத்தீவன அளவுகளில் உப்பை மாற்ற வேண்டியதில்லை. சரியாகக் கழுவாத பாசியில் வளர்ப்புத் தொட்டியின் சோடா உப்பு ஒட்டியிருக்கும்; அப்போது கணக்கு மாறும், கோழி தண்ணீரை அதிகம் குடித்துக் கூளத்தை நனைக்கும்.

பண்ணையிலேயே சுருள்பாசி வளர்க்கலாமா?

வளர்க்கலாம். சென்னையிலுள்ள முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையம் கிராம அளவில் சுருள்பாசி வளர்ப்பைப் பரப்புவதில் பல ஆண்டுகள் உழைத்தது. ஆரோவில்லிலும் நெடுங்காலமாக வளர்க்கிறார்கள். நம் வெயில் இதற்கு ஏற்றது: 30 முதல் 35 டிகிரி வெப்பமும், பி.எச். அளவில் 9-க்கு மேற்பட்ட காரத்தன்மையும், ஆழம் குறைந்த தொட்டியும், தினமும் பலமுறை கலக்கிவிடுதலும் வேண்டும். ஊடகம் எனப்படும் வளர்ப்புக் கரைசலின் முதன்மைப் பொருள் சோடியம் பைகார்பனேட். ஆய்வகங்களில் பின்பற்றும் சரூக் ஊடகத்தில் லிட்டருக்கு 16.8 கிராம். அந்தக் காரத்தன்மையில் பிற பாசிகள் எளிதில் தலையெடுக்காது என்பதே இதை வளர்ப்பதன் வசதி.

விளைச்சலைக் கணக்கிட்டுப் பார்த்து இறங்குங்கள். சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஆறு கிராம் உலர்தூள் என்று மிதமாகக் கொண்டால், 50 சதுர மீட்டர் தொட்டி நாளைக்கு 300 கிராம் தரும். ஆயிரம் கோழிக்குக் கால் சதவீத அளவில் ஒரு பருவத்துக்கு வேண்டிய 8.75 கிலோவுக்கு 29 நாள் அறுவடை செய்ய வேண்டும். முதல் 14 நாளுக்கு மட்டும் என்றால் 1.25 கிலோ, ஐந்து நாள் அறுவடையே போதும். மழைக்காலத்தில் விளைச்சல் சரியும். திறந்த தொட்டியில் மழைநீர் புகுந்தால் ஊடகமே கெடும்.

அறுவடை செய்த பசையை நல்ல தண்ணீரில் கழுவி, துணியில் பிழிந்து, இடியாப்ப உரல் போன்ற ஒன்றில் நூலாகப் பிழிந்து, வலையில் பரப்பி, நேரடி வெயில் படாத சூடான காற்றோட்டத்தில் அன்றைக்கே உலர்த்திவிட வேண்டும். வெயிலில் கிடந்தால் நிறமி வெளுக்கும்; இரவைக் கடந்து ஈரமாக இருந்தால் அழுகும். சிறு எண்ணிக்கையில் கோழி வைத்திருப்பவர்கள் பசையை உலர்த்தாமல் அன்றன்றே தீவனத்தில் பிசைந்து கொடுக்கலாம்.

கோழி எச்சக் கரைசலிலேயே பாசி வளர்த்தால் உரச்செலவு மிச்சமாகுமே?

கழிவுநீரைச் சுத்திகரிக்கும் வழியாக இது ஆய்வு செய்யப்படுகிறது. அந்தப் பாசியை அதே கோழிக்குத் தீவனமாக்குவது வேறு செய்தி. சால்மோனெல்லாவும் மருந்தின் எச்சங்களும் ஒரு பருவத்திலிருந்து அடுத்த பருவத்துக்குக் கடந்து செல்ல நாமே பாதை போட்டுக் கொடுத்ததாகும். அந்த எச்சம் வயலுக்கே போகட்டும்.

கடையில் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

நல்ல தூள் கரும்பச்சையாக, நீலச்சாயலோடு இருக்கும். பழுப்போ வெளிர்மஞ்சளோ தட்டினால் பழையது அல்லது வெயிலில் காய்ந்தது. ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போட்டு இரவு முழுதும் வைத்தால் தெளிந்த நீர் நீலமாக வேண்டும்; அந்த நீலம் பைக்கோசயனின். நீலம் வராமல் பச்சை மட்டும் தெரிந்தால் இலைத்தூள் கலந்திருக்கலாம். ஈரப்பதம் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

புரத அளவை மட்டும் காட்டும் சான்று போதாது. நைட்ரஜனை அளந்து புரதத்தைக் கணக்கிடும் முறையில் யூரியா கலந்தாலும் எண் உயரும். ஈயம், ஆர்சனிக், காட்மியம், பாதரசம் ஆகிய கன உலோகங்களின் அளவையும், அந்நியப் பாசிகள் கலந்தால் வரக்கூடிய மைக்ரோசிஸ்டின் நச்சு இல்லை என்பதையும் கேட்டு வாங்குங்கள். பாசி தன் தொட்டி நீரிலுள்ள உலோகத்தை ஈர்த்துச் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தீவனப் பகுப்பாய்வு, தர உறுதி ஆய்வகம் இயங்குகிறது. பெரிய அளவில் வாங்குமுன் மாதிரியை அங்கே கொடுத்துப் பார்ப்பது, வந்தபின் வருந்துவதைவிட மலிவு.

வாங்கிய தூளைக் காற்றும் வெளிச்சமும் புகாத உறையில், குளிர்ந்த இடத்தில் வையுங்கள். திறந்த மூட்டையை இரண்டு மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

என் பண்ணையில் பயன் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

போன பருவத்தோடு இந்தப் பருவத்தை ஒப்பிட்டு முடிவு செய்யாதீர்கள். குஞ்சின் தாய்க்கோழி மந்தை, தட்பவெப்பம், மக்காச்சோளத்தின் தரம் எல்லாமே மாறியிருக்கும். ஒரே கொட்டகையைக் கம்பி வலையால் குறுக்கே தடுத்து, ஒரே நாளில், ஒரே பொரிப்பகத்திலிருந்து வந்த குஞ்சுகளைக் கைபோன போக்கில் இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் பாசியோடும் மறுபக்கம் பாசியில்லாமலும் அதே தீவனத்தைக் கொடுங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2007-ஆம் ஆண்டு வரையறைப்படி, வயதுக்கேற்ப அடுத்தடுத்துக் கொடுக்கும் தீவனங்களான பிரீ-ஸ்டார்டரில் 23, ஸ்டார்டரில் 22, பினிஷரில் 20 சதவீதம் புரதம் இரு பக்கமும் இருக்க வேண்டும். அடிப்படைத் தீவனமே குறையுள்ளதாக இருந்தால் சோதனைக்குப் பொருளில்லை. சேவல் குஞ்சு பெட்டையைவிட வேகமாக எடை போடும் என்பதால், இரு பக்கமும் பாலின விகிதம் பெரிதாக வேறுபடக் கூடாது.

வாரம் ஒருமுறை ஒவ்வொரு பக்கத்திலும் 50 கோழிகளை எடை போட்டு, இட்ட தீவனத்தையும், மிஞ்சிய தீவனத்தையும், இறப்பையும் தனித்தனி ஏட்டில் எழுதுங்கள். வெயில் விழும் பக்கம், காற்று வரும் பக்கம் என்ற வேறுபாட்டை ஈடுகட்ட, அடுத்த பருவத்தில் பக்கங்களை மாற்றி வையுங்கள். கோடை ஒன்று, மழை ஒன்று உட்பட மூன்று நான்கு பருவங்களாவது இப்படிப் பார்த்து, பாசி தின்ற பக்கம் பெரும்பாலும் முந்தியிருந்தால், அந்த வேறுபாட்டின் ரூபாய் மதிப்பைப் பாசிக்குக் கொடுத்த விலையோடு வைத்துக் கழித்துப் பாருங்கள். மிச்சம் வந்தால் தொடரலாம். வராவிட்டால் அந்தப் பணத்தை முதல் வாரக் குஞ்சுகளுக்குச் சூடூட்டும் புரூடர் வெப்பத்துக்கும் நல்ல கூளத்துக்கும் செலவிடலாம்.